ஈறுகளில் குடியிருப்போர்

நுழையும்முன்

பல் துலக்கும்போது ஈற்றில் குருதி கசிவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை; சிலர் அஞ்சி, துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர். வலியின்றித் தொடங்கிப் பல்லையே இழக்கச் செய்யும் இந்நோயின் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், எதிர்பாராத சிலரை அங்குச் சந்தித்தனர்.

1683ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டுத் துணி வணிகரான ஆண்டனி வான் லூவன்ஹூக், தம் பற்களுக்கிடையே படிந்திருந்த வெண்ணிறப் பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. வியந்த அவர் அதனை இலண்டன் ராயல் கழகத்துக்கு மடலாக எழுதினார். பாக்டீரியாவைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று இவ்வாறு ஒருவரது வாயிலிருந்தே கிடைத்தது.

அப்படலம் நோயை உண்டாக்குகிறதா என்பது நெடுநாள் ஐயமாகவே இருந்தது. 1965இல் ஹரால்ட் லோ என்பாரும் அவர்தம் குழுவினரும் டென்மார்க்கில் எளிய சோதனை ஒன்றை நிகழ்த்தினர். நலமான ஈறுகளை உடைய 12 பேர், சில நாள்கள் பல் துலக்காதிருக்க இசைந்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவர்க்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது நீங்கியது. காரணத்தைச் சேர்த்தால் நோய் வருகிறது, நீக்கினால் அகல்கிறது. இதனினும் தெளிவான சான்று அறிவியலில் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. ஈறழற்சி உடைய அனைவர்க்கும் அடுத்த நிலையான பற்சூழ் திசு நோய் வருவதில்லை. வந்தவர்க்கும் எல்லாப் பற்களிலும் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு பல்லைத் தாங்கும் எலும்பு கரைய, அடுத்த பல் உறுதியாக நிற்கும். படலம் இரண்டிலும் இருக்க, அழிவு மட்டும் ஏன் வேறுபடுகிறது?

இங்குதான் வைரஸ் என்னும் தீநுண்மி பேச்சுக்கு வருகிறது. கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் அறிந்துகொண்ட பி.சி.ஆர். சோதனை, 1990களில் பல் ஆய்வாளர்களின் கைக்கு எட்டியது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் யோர்கன் ஸ்லாட்ஸ், அடோல்ஃபோ கான்ட்ரெராஸ் ஆகியோர், ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே உருவான ஆழ்ந்த பைகளிலிருந்து மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். எப்ஸ்டீன்-பார் வைரஸும் சைட்டோமெகலோ வைரஸும் நலமான ஈறுகளைவிட நோயுற்ற ஈறுகளில் மிகுதியாகக் காணப்பட்டன. இரண்டும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடந்து, வாய்ப்பு நேரும்போது விழித்தெழுவது அக்குடும்பத்தின் இயல்பு. விழித்த வைரஸ் ஈற்றின் காவலர்களான வெள்ளையணுக்களை நலிவுறச் செய்ய, அந்நேரம் பார்த்துப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன என்பது அவர்களது விளக்கம்.

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் விளக்கத்தை உடனே ஏற்றுக்கொள்வது மாணவர்க்கு மட்டுமன்று, அறிஞர்க்கும் நேரும் பிழையே. எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகில் வயது வந்தோருள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் உடலில் உள்ளது. அது உறங்குமிடமோ வெள்ளையணுக்களுள் ஒரு வகை. அழற்சி ஏற்பட்ட இடத்துக்கு வெள்ளையணுக்கள் விரைந்து வருவது இயற்கை. எனவே, வைரஸ் நோயை அழைத்து வந்ததா, நோய் வைரஸை அழைத்து வந்ததா? தீப்பற்றிய வீட்டின் முன் தீயணைப்பு வண்டியைக் கண்டவர், தீ வைத்தது அவ்வண்டியே எனக் கருதலாகாதன்றோ!

ஆய்வகச் சோதனைகள் இச்சிக்கலை மேலும் இறுக்கின. ஈற்று நோயில் முதன்மையாகக் காணப்படும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியா, பியூட்டிரிக் அமிலத்தை வெளியிடுகிறது. அவ்வமிலம் உறங்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸை எழுப்பவல்லது. அவ்வாறாயின் இருவரும் ஒருவரையொருவர் தூண்டிக்கொள்ளும் கூட்டாளிகளாகவும் இருக்கக்கூடும்.

வாயிலுள்ள வைரஸ்களுள் பெரும்பாலானவை மனிதரைத் தாக்குவனவே அல்ல. பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ்கள் அவை. நோயுற்றோரின் பற்படலத்தில் இவற்றின் கூட்டமும் மாறியிருப்பதை 2014இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அம்மாற்றம் காரணமா, விளைவா என்னும் அதே வினா இங்கும் எழுகிறது.

விடைக்காக மருத்துவம் காத்திருப்பதில்லை. ஈற்று நோய்க்கு இன்றும் முதல் மருத்துவம் படலத்தையும் இறுகிய காரையையும் அகற்றுவதே. பல் மருத்துவர், அளவுக்கோடிட்ட மெல்லிய கருவியை ஈற்றோரத்தில் செலுத்தி ஆழத்தை அளக்கிறார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. அதனைக் கடந்தால் தூய்மை செய்து, சில வாரங்களுக்குப் பின் அதே இடத்தை மீண்டும் அளந்து பார்க்கிறார்.