மரபணு மாற்றிய எலியும் ஓட்டிசமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

துறைமுகத்தில் கட்டும் கப்பல்களின் கயிறுகளில் வட்டத் தகடு மாட்டுவது வழக்கம். எலி கயிறு வழியே ஏறவோ இறங்கவோ கூடாதென்பதற்கான காப்பு அது. எலியை இப்படி எதிரியாகவே பார்த்துப் பழகிய திருகோணமலையில், "மரபணு மாற்றிய எலியை வைத்து ஓட்டிசத்தை ஆராய்கிறார்களாம்" என்ற பேச்சு வந்தால் பயமும் கிளம்பும், அளவுமீறிய ஆசையும் கிளம்பும். இரண்டையும் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இந்த எலிகள் வெளியே வந்தால் நோய் பரவும்.

உண்மை: நெதர்லாந்து, பெல்ஜியம் விஞ்ஞானிகள் 1994இல் உருவாக்கிய சுண்டெலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஃப்.எம்.ஆர்.1 என்ற ஒரேயொரு மரபணு செயலிழக்கச் செய்யப்பட்டது. கிருமி எதுவும் சேர்க்கப்படவில்லை. அந்த மாற்றம் அது ஈன்ற குட்டிக்குத்தான் போகும். கடித்தாலும் மூச்சுப் பட்டாலும் பக்கத்து எலிக்குக்கூடத் தொற்றாது. பயப்படத்தான் வேண்டுமென்றால் கந்தளாய் வயலில் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும் சாதாரண எலிக்குப் பயப்படலாம்.

நம்பிக்கை 2: எலிக்கு ஓட்டிசத்தை வரவைக்கிறார்கள்.

உண்மை: ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கிறதா என்பதை வைத்தியர் அதன் பேச்சு, பார்வை, விளையாட்டு எல்லாவற்றையும் கவனித்தே முடிவுசெய்கிறார். எலியிடம் அப்படிப் பார்க்க முடியாது. எலிக்கென்று மூன்று அறைகள் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. நடு அறையில் எலியை விடுவார்கள். ஒரு பக்கத்து அறையில், கம்பிக் கூட்டுக்குள் முன்பின் அறியாத இன்னொரு எலி, மறுபக்கத்தில் வெறுங்கூடு. சாதாரணச் சுண்டெலி துணை இருக்கும் பக்கமே கூடுதல் நேரம் நிற்கும். மரபணு மாற்றிய எலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கணக்கெடுப்பார்கள். அதில் கிடைப்பது ஒரு சிறு தடயம். அதை நோய் என்று சொல்ல முடியாது.

நம்பிக்கை 3: எலி மூளைக்கும் மனித மூளைக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மை: பரம்பரையாக வரும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுகளில் மிகப் பொதுவானது ஃபிரஜைல் எக்ஸ்; அது உள்ள பலருக்கு ஓட்டிசமும் இருக்கும். அதற்குக் காரணமான மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. மேலே சொன்ன எஃப்.எம்.ஆர்.1 தான் அது. இந்தக் குறைபாட்டோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில், நரம்புக் கலங்களின் இணைப்பு முனைகள் மெலிந்து நீண்டு, முதிராமல் கிடந்தன. அந்த மரபணுவை நிறுத்திய எலியின் மூளையிலும் அப்படிப்பட்ட முனைகளே தெரிந்தன. உயிரோடிருக்கும் பிள்ளையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாத விஞ்ஞானிக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி.

நம்பிக்கை 4: எலியைக் குணமாக்கிய மருந்து பிள்ளையையும் குணமாக்கும்.

உண்மை: அதிக ஏமாற்றம் இங்கேதான். எலிகளில் கிடைத்த பலனை நம்பி நோவார்ட்டிஸ் நிறுவனம் மாவோகுளுரன்ட் என்ற மருந்தை ஃபிரஜைல் எக்ஸ் உள்ளவர்களிடம் சோதித்தது; பலன் தெரியாததால் 2014இல் கைவிட்டது. கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் லோவாஸ்டட்டினின் கதையும் அதுதான். எடின்பரோ ஆய்வாளர்களும் பெங்களூரின் சுமந்திர சட்டர்ஜியும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு மாற்றிய பெரிய எலிகளுக்கு 5 முதல் 9 வார வயதுவரை அதைக் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தி 3 மாதமான பின்னும் அவற்றின் கற்கும் திறன் குன்றவில்லை. ஆனால் 10 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளிடம் கலிபோர்னியாவில் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வந்தபோது, அந்த மருந்து வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. அந்தச் சோதனையில் இரு பிரிவுப் பெற்றோருக்கும் பிள்ளையோடு கதைத்துப் பேச்சை வளர்க்கும் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. இரு பிரிவுப் பிள்ளைகளும் முன்னேறினார்கள்.

நம்பிக்கை 5: அப்படியென்றால் எலி ஆய்வே வீண்.

உண்மை: சில அறிகுறிகளில் ஓட்டிசத்தை ஒத்த, பெரும்பாலும் பெண் பிள்ளைகளைத் தாக்கும் ரெட் குறைபாட்டில், செயலிழந்த மரபணுவைத் திரும்ப இயக்கினால் நோய் முற்றிய எலியும் தேறும் என்று 2007இல் விஞ்ஞானி ஏட்ரியன் பேர்ட்டின் குழு காட்டியது. மூளை நிரந்தரமாகச் சேதமாகிவிட்டது என்ற எண்ணத்தை அது உடைத்தது. ரெட்டுக்கான முதல் மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது சில அறிகுறிகளைக் குறைக்கும், முழுமையாகக் குணமாக்காது.

எலி சொல்லும் பதில் ஒரு மரபணுவைப் பற்றியது. உங்கள் பிள்ளைக்கான பதிலை அதனிடம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை வீட்டில் இருந்தால், "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்று நாளைக் கடத்தாதீர்கள். தாயைக் குறைசொல்வதும் வேண்டாம். அவள் கொஞ்சாததால் ஓட்டிசம் வருவதில்லை. மூதூரோ, கிண்ணியாவோ, நிலாவெளியோ, உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் அடுத்த கிளினிக் நாளிலேயே சொல்லுங்கள்.