மோட்டார் வண்டியின் ஸ்டியரிங் சக்கரம் கோணலாய் நிற்பதும் அதைத் திருத்தும் முறையும்

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துச் சுற்றி, கல்லணைக்கருகில் மீண்டும் நெருங்குகின்றன. இத்தீவிலும், தென்கரையில் ஜீயபுரம், பெட்டவாய்த்தலை முதலிய ஊர்களிலும் நெல்லும் வாழையும் பயிரிடுவோரில் பலர் சொந்த மோட்டார் வண்டியில் திருச்சிராப்பள்ளிக்கு வந்து போகின்றனர். ஆற்றங்கரை வழிகள் பல குறுகலானவை; ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் பள்ளமான வயல். இத்தகைய வழியில் வண்டியின் போக்கு சிறிது பிசகினும் உயிருக்கே அபாயமாகும். ஆகையால், வண்டி நேராகச் செல்லும்போது ஸ்டியரிங் சக்கரம் கோணலாய் நிற்குமாயின் அதனை அலட்சியம் செய்தல் கூடாது.

காரணங்கள்: ஸ்ரீரங்கத்துத் தேரின் சக்கரங்கள் தாமாகத் திரும்பமாட்டா; முட்டுக்கட்டை இட்டே அதன் திசையை மாற்றுவர். மோட்டார் வண்டியிலோ, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து இருபுறமும் செல்லும் டை ராடு என்னும் கம்பிகள் முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. பள்ளத்திலோ வரப்பிலோ சக்கரம் மோதி இக்கம்பி வளைந்தாலும், அதன் முனை தேய்ந்தாலும், புதிய முனையைப் பழைய அளவு பாராமல் மாட்டினாலும் கோணல் உண்டாகும். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றியவர் பல் தவறி மாட்டுவதும் உண்டு.

முதற் பரீட்சை: டயர்களின் காற்றை இருபுறமும் ஒரே அளவாக்குக. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலை அப்பக்கம் சரிந்திருக்கும். ஆதலால் வண்டி இடப்புறம் இழுப்பதும், அதனைத் தடுக்கச் சக்கரத்தைச் சற்றே வலப்புறம் பிடிப்பதும் இயல்பு, இது பழுதன்று. போக்குவரத்தில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

இரண்டாம் பரீட்சை: வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணுக. அதில் சரிபாதி திருப்பி நிறுத்துக. அவ்விடத்தில் ஸ்டியரிங் சக்கரம் நேராயிருந்தால் குற்றம் டை ராடுகளின் நீளத்தில் உள்ளது. கோணலாயிருந்தால் சக்கரமே தவறாக மாட்டப்பட்டிருத்தல் கூடும். அச்சக்கரத்தை வீட்டில் கழற்றுதல் ஆகாது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. அது சக்கரத்தின் நடுவில் உள்ளது, கைதவறினால் வெடிக்கும். அவ்வேலை பழகிய ஒர்க்‌ஷாப்பையே சாரும்.

திருத்தும் முறை: முதலில் வளைந்த கம்பியும் தேய்ந்த முனையும் மாற்றப்படவேண்டும். வளைந்த கம்பியைக் காய்ச்சி நிமிர்த்திப் போடுவது பேராபத்து. அது ஓட்டத்தில் முறியும். பின்பு ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி அசையாமல் கட்டுக. இரண்டு டை ராடுகளின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, பழைய நிலைக்குப் பெயின்டால் அடையாளம் இடுக. ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாதபடி அதன் பிடியையும் தளர்த்துக.

டை ராடு அச்சுக்குப் பின்னால் உள்ள வண்டியில், நேரோட்டத்தின்போது ஸ்டியரிங் இடப்புறம் திரும்பி நின்றால், இடப்பக்கக் கம்பியைக் குறுக்கி, வலப்பக்கக் கம்பியை நீட்டவேண்டும். வலப்புறம் திரும்பி நின்றால் இதற்கு நேர்மாறு. கம்பி அச்சுக்கு முன்னால் இருந்தால் இவையனைத்தும் தலைகீழாகும். ஒருபுறம் எவ்வளவு குறுக்கப்படுகிறதோ, மறுபுறம் அவ்வளவே நீட்டப்படவேண்டும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, நட்டை இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மீண்டும் திருத்துக. ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் நேராவதுபோல் தோன்றும். ஆனால் இரு முன்சக்கரங்களுக்கும் உள்ள பொருத்தம் கெட்டு, டயர் விரைவில் தேயும்.

அப்பொருத்தத்தை வீட்டிலேயே அளக்கலாம். இரு முன்டயர்களின் நடுவிலும், முன்புறம் அச்சின் உயரத்தில், சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு இடைவெளியை அளக்க. வண்டியை அரைச் சுற்று முன்னே தள்ள, குறிகள் பின்புறம் வரும், மீண்டும் அளக்க. இரண்டு அளவுகளின் வேறுபாடு வண்டியின் கையேட்டில் கூறிய அளவுக்கு ஒத்திருத்தல் வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் வீல் அலைன்மென்ட் செய்விப்போர், ஸ்டியரிங் நேராகப் பூட்டப்பட்ட பின்பே அளவு எடுக்கச் சொல்லி, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே கூலி கொடுத்தல் நலம். பல புதிய வண்டிகளில் ஸ்டியரிங்கின் கோணத்தை அறியும் கருவி உண்டு. திருத்தியபின் அதையும் நேர்நிலைக்கு அமைப்பித்தல் வேண்டும். லாரி முதலிய ஒற்றை அச்சு வண்டிகளில் ஸ்டியரிங்கிலிருந்து அச்சுக்குச் செல்லும் இழுப்புக் கம்பியின் நீளமே ஸ்டியரிங்கின் கோணத்தைத் திருத்தும். டை ராடு சக்கரங்களின் பொருத்தத்தைத் திருத்தும்.

திடீரெனத் தோன்றிய கோணலும், ஓட்டத்தில் நடுக்கமும், கையில் ஆட்டமும் சேர்ந்து காணப்படின், மேற்கண்ட வேலையைத் தொடங்காது வண்டியை அங்கேயே நிறுத்துக. வாழைத்தார் ஒரு நாள் தாமதமாய்ச் சந்தை சேர்வதால் உண்டாகும் நஷ்டம் சிறிது. வாய்க்காலில் கவிழ்ந்த வண்டியால் குடும்பத்துக்கு நேரும் நஷ்டம் ஈடுசெய்ய இயலாதது.