பட்டுக்கடைப் பயிற்சியைக் கவுண்டரில் நடத்துங்கள்

தீபாவளி நெருங்கினால் ராசிபுரத்துப் பட்டுக்கடைகளில் புது ஆட்கள் சேருவார்கள். "அந்த அண்ணன் பக்கத்துல நின்னு பாரு" என்பதோடு பல கடைகளில் பயிற்சி முடிந்துவிடும். கொஞ்சம் வசதியுள்ள முதலாளி மண்டபம் பிடித்து, சேலத்திலிருந்து பேச்சாளரை வரவழைத்து, ஒரு நாள் முழுக்கப் பேச வைப்பார். இரண்டுமே போதாது. பயிற்சிக்குச் சரியான இடம் கவுண்டர். சரியான நேரம், கடை திறந்து கூட்டம் சேருவதற்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிடம்.

ஒரே நாளில் கொட்டியது தங்காது. திரும்பப் பார்க்காவிட்டால் படித்ததில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் போய்விடும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். அதனால் திங்கட்கிழமை சொன்னதை வியாழக்கிழமை மறுபடி கேளுங்கள்.

முதலில் சரக்கு. பேசக் கற்றுத்தரும் அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சேலையைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். உடல் எது, முந்தி எது, கரையைத் திருப்பினால் என்ன தெரிகிறது, ஜரிகை அசலா, ஹாஃப் ஃபைன் என்ற மலிவு ரகமா என்று கேளுங்கள். குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திக் காட்டுங்கள். பட்டாக இருந்தால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகிவிடும். மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரை எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை என்பதும் தெரிய வேண்டும். பட்டு சுத்தம் என்பதற்குத்தான் அது சாட்சி, ஜரிகைக்கு அல்ல. ஒருநாள் தறி இருக்கும் வீட்டுக்கும் கூட்டிப் போங்கள். பாவும் ஊடையும் சேருவதை நேரில் பார்த்தவருக்கு விலை சொல்லும்போது குரல் இறங்காது.

அடுத்தது பேச்சு. அமெரிக்காவின் டேட்டன் நகரில் கல்லா இயந்திரம் விற்ற நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி, ஜோசப் கிரேன் என்ற கெட்டிக்கார விற்பனையாளர் பேசும் முறையை 1887-ல் எழுத்தில் கொண்டுவந்து, மற்றவர்களை மனப்பாடம் செய்ய வைத்தது. மனப்பாடம் நமக்கு வேண்டாம். எழுதி வைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கடையின் பழைய ஆள் முதலில் என்ன கேட்கிறார்? "எந்த ரேட்ல பார்க்கறீங்க?" என்று கேட்க மாட்டார். "வாங்கக்கா, என்ன விசேஷமுங்க? யாருக்கு எடுக்கறீங்க?" என்பார். பத்துப் பேராக வரும் குடும்பத்தில் முடிவு அத்தையிடமா, மணப்பெண்ணிடமா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

"சேலத்துல இதவிடக் கம்மியாத் தர்றாங்களே" என்ற பேச்சு தினமும் வரும். மேனேஜரே வாடிக்கையாளராக எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்லட்டும். புதியவர் உடனே தள்ளுபடிக்கு இறங்குகிறாரா, கரையைத் திருப்பிக் காட்டி இழையையும் ஜரிகையையும் சொல்கிறாரா என்று பாருங்கள். திணறினால் அங்கேயே திருத்தி மறுபடி செய்ய வையுங்கள். மற்றவர்கள் முன்னால் திட்ட வேண்டாம். அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்கப் பில் தொகை மட்டும் போதாது. சேலையை எடுத்துக் காட்டியவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை சேலை மாற்றிக்கொள்ளத் திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெரிய பில்லுக்கு மட்டும் கமிஷன் கொடுக்கும் கடையில், பொறுமையாகப் பேசச் சொல்லிக்கொடுத்து ஒரு பயனும் இல்லை.

உடம்பையும் பாருங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. கால் கடுத்து நிற்பவரிடம் சிரித்துப் பேசும் கலையைச் சொல்லிக்கொடுப்பது அநியாயம்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. அடுத்த சீசனுக்கு ஆட்களைத் தயார்செய்ய அதுவே தோதான மாதம். சொல்லிக்கொடுக்கும் சீனியர், தறி வீட்டுக்குக் கூட்டிப் போவதுபோல விற்பனையை விட்டு நிற்கும் நேரத்தில் தன் கமிஷனை இழக்கிறார். அதற்கு ஈடாக ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.