தலைப்பாகை கற்றுத்தரும் பாடம்

அய்யா உண்டு

பதிக்கும் தாங்கலுக்கும் வருகிற ஆண் மக்கள் மேற்சட்டையைக் கழற்றி, தலையில் பாகை கட்டி, நெற்றியில் திருமண் சாத்திப் பள்ளியறை முன் நிற்கிறார்கள். வேறு கோயில்களில் சாமி முன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவதுதான் வழக்கம். இங்கே மட்டும் அவிழ்க்காமல் கட்டச் சொல்வது ஏன் என்று சிறு பிள்ளைகள் கேட்பதுண்டு. "அது அய்யா வகுத்த முறை" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்தப் பதில் சரிதான். ஆனால் அந்த முறை எந்தக் காலத்தில், யாருக்காக வகுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான், ஒரு முழத் துணிக்குள் எவ்வளவு பெரிய வரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

துணிக்கும் சந்தோசத்துக்கும் என்ன தொடர்பு?

மனுசன் துணி உடுத்துவது மூன்று காரியத்துக்காக. ஒன்று, வெயிலும் குளிரும் உடம்பை வாட்டாமல் இருக்க. இரண்டு, மானம் காக்க. மூன்று, "நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்" என்று நாலுபேர் நடுவே நிற்க. முதல் காரியத்துக்கு ஒரு முரட்டுத் துணி போதும். மற்ற இரண்டும் மனசைச் சேர்ந்தவை. வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, "நீ இன்னபடி உடுத்தினால் அடிப்போம்" என்று சொன்னால் அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்குமா? ஆகையால்தான் உலகத்தில் பிறரை அடக்கி ஆள நினைத்தவர்கள் பல இடங்களில் அவர்களுடைய துணியிலே கை வைத்தார்கள்.

தென்திருவிதாங்கூரில் நடந்தது

அய்யா அவதரித்த காலத்தில் திருவிதாங்கூர் ராச்சியத்தில் யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி தழையக் கட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலையில்தான் சுமக்க வேண்டும். மார்பை மறைத்துத் தோள்சீலை போடுவது உயர்சாதிப் பெண்களின் உரிமை என்றும், மற்றவர்கள் போட்டால் குற்றம் என்றும் வைத்திருந்தார்கள்.

1820-களில் தோள்சீலை போட்டு வெளியே வந்த பெண்களைச் சந்தையிலும் தெருவிலும் தடுத்து, சீலையைப் பறித்துக் கிழித்தார்கள். 1829-ஆம் ஆண்டு அரசாங்கமே ஓர் உத்தரவு போட்டு, நாடார் பெண்கள் உயர்சாதியாரைப் போலத் தோள்சீலை அணியக் கூடாது என்று சொல்லிவிட்டது. முப்பது வருசத்துக்குப் பிறகு, பெரிய கலவரங்களும் சென்னை மாகாண ஆளுநரின் வற்புறுத்தலும் வந்த பின்புதான், 1859 சூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராசா அந்தப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள உத்தரவு கொடுத்தார். அப்பொழுதும் "உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது" என்று ஒரு முடிச்சுப் போட்டே கொடுத்தார். உரிமை கொடுத்த கையே வேறுபாட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

பெயரில்கூட அந்தத் தடை இருந்தது. அய்யாவுக்குப் பெற்றோர் முதலில் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்த குடியில் பிறந்த பிள்ளைக்கு முடி என்றும் பெருமாள் என்றும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால், அந்தப் பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. தலையில் முடி சூடுவது இருக்கட்டும், பெயரில் முடி இருப்பதையே பொறுக்காத காலம் அது.

பிற நாடுகளிலும் இதே கதை

இந்தக் கொடுமை ஒரு நாட்டோடு நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்து நாட்டின் மலைப்பகுதி ஆண்கள் கட்டம் போட்ட கம்பளித் துணியை இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். அது அவர்கள் குலத்தின் பெருமை. அங்கே நடந்த ஒரு கலகத்தை அடக்கிய பிறகு, 1746-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அந்த உடுப்பைத் தடை செய்தது. உடுத்திப் பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் தடவை பிடிபட்டால் ஏழு ஆண்டு கடல் கடத்தல். அரசரின் படையில் சேர்ந்து சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும் தடை இல்லை. அதாவது, மானத்துக்காக உடுத்தினால் குற்றம். அரசருக்காகச் சாவதற்கு உடுத்தினால் குற்றமில்லை. 1782-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

அமெரிக்க நாட்டார் 1776-இல் விடுதலைப் பிரகடனம் செய்தபோது, சந்தோசத்தைத் தேடிப் போவது எல்லா மனுசருக்கும் கடவுள் கொடுத்த உரிமை என்று அதில் எழுதினார்கள். நல்ல வாசகம்தான். ஆனால் அதே நாட்டின் தென் கரோலினாப் பகுதியில், அடிமைகள் இன்ன இன்ன முரட்டுத் துணிதான் உடுத்த வேண்டும், அதைவிட நல்ல துணி உடுத்தக் கூடாது என்று 1740-இலேயே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். ஏட்டில் எல்லாருக்கும் சந்தோசம்; உடம்பில் அடிமைத் துணி.

அந்நாளில் ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்தது தலைத்துணியைப் பற்றியது. அங்கே அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அழகாகச் சீவி, இறகும் நகையும் சூடி நடந்தார்கள். அது மற்றவர் கண்ணை உறுத்தியது. 1786-இல் மிரோ என்ற ஆளுநர், அந்தப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தாழ்ந்தவர் என்பதற்கு அந்தத் துணியே அடையாளம் என்பது எண்ணம். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? உத்தரவுப்படி துணி கட்டினார்கள். ஆனால் பளிச்சென்ற வண்ணத்தில் நல்ல துணியாகத் தேடி எடுத்து, விதவிதமாக மடித்து, கிரீடம் போல் உயர்த்திக் கட்டினார்கள். தாழ்த்துவதற்கென்று கொடுத்த துணி உயர்த்துகிற துணியாகிவிட்டது.

இமயமலை அடிவாரத்தில் உள்ள பூட்டான் நாட்டையும் நினைக்க வேண்டும். ஒரு நாடு எவ்வளவு பணம் சேர்த்தது என்று பார்ப்பதைவிட, மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக் சொன்ன கொள்கை. உலகமே அதைப் பாராட்டியது. அங்கே ஆண்கள் முழங்கால்வரை வரும் 'கோ' என்ற அங்கியையும், பெண்கள் கணுக்கால்வரை வரும் 'கிரா' என்ற சீலையையும் அணிகிறார்கள். அந்த உடுப்பைப் பெருமையோடு அணிகிறவர்கள் பலர். ஆனால் 1989-இல் பொது இடங்களில் எல்லாருமே அதை அணிந்தாக வேண்டும் என்று ஆணை வந்தபோது, தெற்கே வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்கள் மனம் நொந்தார்கள். அவர்கள் உடுப்பு வேறு, மொழி வேறு, ஊரின் வெப்பமும் வேறு. குடியுரிமைச் சிக்கலோடு இந்த ஆணையும் சேர்ந்து பகை வளர்ந்தது. ஒரு லட்சம் பேர் வரை நேபாளத்தில் அகதி முகாமில் போய் வாழ நேர்ந்தது. நல்ல உடுப்புத்தான், நல்ல நோக்கமும்தான். ஆனாலும் வற்புறுத்திப் போர்த்திய துணி மகிழ்ச்சியைத் தரவில்லை.

பறித்தாலும் துன்பம், திணித்தாலும் துன்பம் என்பதே இவற்றிலிருந்து கிடைக்கும் படிப்பினை.

அய்யா காட்டிய வழி

கொல்லம் 1008 மாசி 20-இல் வைகுண்ட அவதாரம் நிகழ்ந்தது. தோள்சீலைக்குத் தடை போட்ட உத்தரவு வந்து நாலு வருசம் ஆகியிருந்தது. அய்யா அரசரிடம் போய் "என் மக்களுக்குத் தலைப்பாகை கட்ட உத்தரவு தா" என்று கைகட்டி நிற்கவில்லை. யாருடைய தலைப்பாகையையும் தட்டிவிடச் சொல்லவும் இல்லை. தலையில் சும்மாடு மட்டுமே கண்ட மக்களைப் பார்த்து, பாகை கட்டி வந்து வழிபடுங்கள் என்றார். அரசனுக்கும் உயர்ந்தோருக்கும் மட்டும் என்று இருந்ததைப் பனையேறிக்கும் கூலிக்காரனுக்கும் கொடுத்தார். இன்ன சாதிக்கு இன்ன துணி என்று இருந்த ஊரில், வந்தவர் அனைவருக்கும் ஒரே முறை என்று வைத்தார்.

பள்ளியறைக் கண்ணாடியோடு சேர்த்துப் பார்த்தால் இதன் பொருள் முழுதாய்த் தெரியும். பாகை கட்டிய மனுசன் கண்ணாடி முன் நிற்கும்போது, முடி சூடிய தன் உருவத்தையே காண்கிறான். இறைவன் உனக்குள் இருக்கிறான், ஆகையால் நீ தாழ்ந்தவன் அல்ல என்று ஆயிரம் தடவை சொல்லுவதை அந்த ஒரு பார்வை சொல்லிவிடுகிறது. முத்துக்குட்டி என்று பெயர் மாற்றப்பட்டவர், தம்மை நாடி வந்த ஒவ்வொருவரையும் முடிசூடும் பெருமாளாக நிறுத்தினார்.

மேற்சட்டையைக் கழற்றச் சொன்னதிலும் ஒரு சமம் இருக்கிறது. விலை உயர்ந்த சட்டைக்காரனும் கிழிந்த சட்டைக்காரனும் அதை வெளியே விட்டுவிட்டு ஒரே கோலத்தில் உள்ளே வருகிறார்கள்.

துவையல் தவசும் மறக்கத் தகாதது. குடும்பம் குடும்பமாய் மக்கள் கடற்கரையில் தங்கி, நாளும் குளித்து, துணியைத் துவைத்து உடுத்தி, ஒருவேளை உணவு உண்டு தவமிருந்தார்கள். அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், துவைத்த துணியோடும் தெளிந்த மனசோடும் ஊர் திரும்பினார்கள். அய்யா புதுத்துணி வாங்கச் சொல்லவில்லை. இருக்கிற துணியைத் துவைக்கச் சொன்னார். ஏழைக்கும் எட்டுகிற மானம் அது.

இன்றைக்கு இது எதற்கு?

இன்று யாரும் சீலையைக் கிழிப்பதில்லை. ஆனால் அந்த அளவுகோல் வேறு கைக்கு மாறியிருக்கிறது. திருநாளுக்குப் பட்டு உடுத்தி வந்தவரை முன்னே அழைத்து, கைலியோடு வந்த வேலைக்காரரைப் பின்னே நிறுத்தினால், அது 1829-ஆம் ஆண்டு உத்தரவின் பேரப்பிள்ளை. கல்யாண வீட்டில் "இதே சேலையைத்தானே போன விசேசத்துக்கும் கட்டினாள்" என்று பேசுகிற வாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து வட்டிக்குப் பணம் வாங்கித் துணி எடுக்கிற குடும்பங்கள் உண்டு. கடன் முடியும் முன்னே துணி சாயம் போய்விடுகிறது. அதில் சந்தோசம் எத்தனை நாள்?

வெளியூரில் படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகளில் சிலர், திருமண் சாத்தவும் பாகை கட்டவும் கூச்சப்படுகிறார்கள். அவர்களை அதட்டுவதால் பயன் இல்லை. பூட்டானின் கதை அதைத்தான் சொல்லுகிறது. இந்தப் பாகைக்காக முன்னோர் பட்ட பாட்டை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால், பிள்ளை தானே கட்டும். தெரிந்து கட்டுகிற பாகைதான் அவிழாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாகை கட்டியதால் மற்றவனைவிட நான் உயர்ந்தவன் என்ற எண்ணம் வந்துவிட்டால், அது அய்யா கொடுத்த பாகை அல்ல. பழைய கலியின் பாகை. தன் தலை நிமிர்வதற்குத்தான் பாகை. அடுத்தவன் தலையைக் குனிய வைப்பதற்கு அல்ல. தாழ்த்துவாரும் தாழ்வாரும் இல்லாமல் எல்லாரும் ஒருமனதாய் வாழ்கிற தர்மயுகத்தின் மகிழ்ச்சி, ஒவ்வொரு தாங்கலின் வாசலிலும் வந்தவரை வரவேற்கிற விதத்தில் தொடங்குகிறது.

வீட்டில் பேசிச் சிந்திக்க

1. பதியில் பாகை கட்டுவது ஏன் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்றா?

2. 1859-ஆம் ஆண்டு உத்தரவு கொடுத்த உரிமைக்கும், அய்யா கொடுத்த உரிமைக்கும் என்ன வேறுபாடு?

3. தாங்கலுக்கு வருகிறவரை உடுப்புப் பார்த்து மதிக்கிற வழக்கம் ஊரில் உண்டா? உண்டானால் அதை முதலில் யார் மாற்ற வேண்டும்?

4. அடுத்த விசேசத்துக்குப் புதுத்துணி எடுக்கிற பணத்தில் ஒரு பங்கு, துணி இல்லாத ஒரு பிள்ளைக்குப் போகுமா?

அய்யா துணை

அய்யா உண்டு