மச்சுத் தளம் மாற்றுமுன் எடை பாருங்கள்

செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் வைக்கும் பட்டறையை ஏன் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டுகிறோம் என்று நம் வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் காற்றோட்டம் வேண்டும். மர உத்திரம், சட்டம், பலகை கொண்ட பழைய மச்சுக்கும் அப்படித்தான்.

பலகை தேய்ந்ததும் பலர் கிரானைட் அல்லது டைல்ஸ் போட நினைக்கிறார்கள். சற்றே கணக்குப் பாருங்கள். 100 சதுர அடிக்கு 2 அங்குலக் கலவை மட்டும் ஏறத்தாழ 950 கிலோ. 18 மி.மீ. கிரானைட் 450 கிலோ. ஆக 1,400 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டைகள் 28-ஐ மச்சில் நிரந்தரமாக இறக்கி வைத்ததற்குச் சமம். இதன்மேல்தான் நீங்கள் சரக்கு அடுக்கப் போகிறீர்கள்! 19 மி.மீ. பிளைவுட் என்றால் அதே பரப்புக்குச் சுமார் 120 கிலோதான்.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 (1987), வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவும், சில்லறைக் கடைக்கு 400 கிலோ அளவும் பாரம் கணக்கிடச் சொல்கிறது. கிடங்குக்கு இன்னும் அதிகம். வீடாகக் கட்டிய மச்சைக் கிடங்காக்கியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

எடை ஒருபுறமிருக்க, நடக்கும்போது மரம் சற்று வளைந்து நிமிரும்; கலவை வளையாது. ஆகவே டைல்ஸ் இணைப்புகள் விரிசல் விடும். கல்லில் காட்டும் பணத்தைச் சட்டத்தில் காட்டுவதே மேல் என்பது எமது கருத்து.

பழைய பலகையைப் பெயர்த்ததும் சட்டங்களின் நுனிகளை, குறிப்பாகச் சுவருக்குள் புதைந்த பகுதியை, திருப்புளியால் குத்திப் பாருங்கள். கூரை ஒழுகி நீர் இறங்கும் இடம் அதுவே. திருப்புளி எளிதாக இறங்கினால் மரம் இற்றுப்போயிற்று. சட்டத்தை மாற்றாமல் மேலே எதுவும் போடாதீர்கள். கரையான் தடத்தையும் பாருங்கள்.

பழையது தேக்குப் பலகையானால் விற்றுவிடாதீர்கள். இழைத்துத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் மீண்டும் உழைக்கும். புதிதாகப் போடுவோர் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் வாங்கலாம். ஆணியைவிடத் திருகாணி நல்லது; ஆணி நாளடைவில் தளர்ந்து கிறீச்சிடும். மேலே பி.வி.சி. விரிப்பு ஒட்டுவதானால் மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஈரம் அடியிலேயே தங்கிவிடும்.

சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் தளத்துக்குப் பலகைக் கணக்கு பொருந்தாது. அதில் பழைய தள ஓட்டை எடுக்காமல் புதிய அடுக்கு ஏற்றுமுன் பொறியாளரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.