கர்ப்பப்பை எடுத்த பிறகும் அடியிறக்கம் வரலாம்



“கர்ப்பப்பையைத்தான் எடுத்தாகிவிட்டதே, இனி இறங்குவதற்கு என்ன இருக்கிறது?” என்று நம் தாய்மார்கள் பலர் நினைக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டால், புற்றுநோயோ என்று பயந்து வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அடியிறக்கம்தான். அதற்குச் சிகிச்சை உண்டு.

கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார்களே பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையையும் பிடித்து நிறுத்துகின்றன. கர்ப்பப்பையை எடுத்த பின் அந்தப் பிடிப்பு தளர்ந்தால், சட்டைக் கை உட்புறம் வெளியே புரள்வதுபோல் மேல்முனை கீழே வரும். மூத்திரப்பையும் குடலும் கூடவே சரியலாம். பல பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி, தீராத இருமல், மலச்சிக்கல், குடமும் விறகும் சுமப்பது ஆகியவை இதற்குக் காரணமாகின்றன.

ஆரம்ப நிலையில் இடுப்புத்தளப் பயிற்சி உதவும். அறுவை வேண்டாதவர்களுக்கு மருத்துவர் சிலிக்கான் வளையம் பொருத்துவார். அறுவை சிகிச்சையில் மூன்று வழிகள் உண்டு:

1. பிறப்புறுப்பு வழியாகவே மேல்முனையை இடுப்பெலும்பின் உறுதியான தசைநாரோடு சேர்த்துத் தைப்பது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. சில வாரம் புட்டத்தில் வலி இருக்கலாம்.

2. வயிற்று வழியாகவோ லேப்ராஸ்கோப்பி மூலமோ வலைத்துணி வைத்து முதுகின் அடியெலும்போடு இணைப்பது. மீண்டும் இறங்குவது குறைவு. ஆனால் அறுவைக்கு நேரம் கூடும். வலை பிற்காலத்தில் அரிக்கவும் கூடும்.

3. பாதையைத் தைத்து மூடுவது. தாம்பத்திய உறவு இனி வேண்டாம் என்று முடிவு செய்த முதியவர்களுக்கு மட்டும். பிறகு மாற்ற முடியாது.

இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் வலைக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆகவே, “வலை வைப்பீர்களா, எந்த வழியாக?” என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

அறுவைக்குப் பின் மருத்துவர் சொல்லும்வரை, குறைந்தது ஆறு வாரமாவது, கனம் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. ருகூவும் ஸுஜூதும் சிரமமானால் உட்கார்ந்து தொழலாம். சிறுநீர் கசிகிறது என்று தொழுகையை விட்டுவிட வேண்டாம். கசிவு நிற்காதவர் தொழுகை நேரம் வந்ததும் புதிதாக ஒளு செய்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. விவரத்தை ஆலிம்களிடம் கேளுங்கள்.

முதலில் கோவில்பட்டி அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம். பெரிய அறுவைக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய், இந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று அங்கேயே விசாரியுங்கள். இரத்தம் கசிந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வெட்கத்தால் அவர்கள் சொல்லமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள், கூடவே போங்கள். குடத்தையும் நீங்களே தூக்குங்கள்.