சரக்கா: ஒரு தீவின் அரிசிப் பலகாரமும் அமெரிக்க மரபும்

அமெரிக்கா நேற்று முளைத்த நாடு, அதற்கு ஏது நாட்டார் மரபு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அமெரிக்க நாட்டாரியல் கழகம் 1888ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆங்கிலேயக் குடியேறிகள், பூர்வகுடிகள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் ஆகியோரின் கதைகளையும் வழக்கங்களையும் சேகரிப்பது அதன் நோக்கம். சேகரிக்கப் புறப்பட்டவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: எதை மரபு என்பது?

போல் பன்யன் என்ற இராட்சத மரவெட்டியையும் அவனுடைய நீல எருதையும் அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோரும் அறிவர். மரவெட்டிகளின் வாய்மொழியில் அவனைப் பற்றிய சில துணுக்குகள் இருந்தன. எனினும் அவனை நாடறியச் செய்தவை, 1914 முதல் ஒரு மரக் கம்பனி வெளியிட்ட விளம்பரச் சிறுநூல்கள். 1937இல் மினசோட்டா மாநிலத்தில் சிலையும் எழுந்தது. இத்தகையவற்றைப் 'போலி நாட்டார் வழக்கு' என 1950இல் சாடினார் றிச்சட் டோர்சன் என்ற ஆய்வாளர். அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் போலிக்குச் சிலை வைத்த அதே காலத்தில், உண்மையான மரபு ஒன்று எங்கே ஒதுங்கிக் கிடந்தது என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது.

ஜோர்ஜியா மாநிலக் கரையோரத்தில் சப்பலோ என்றொரு தீவு உண்டு. இன்றைய கினி நாட்டுப் பகுதியில் பிறந்த பிலாலி முஹம்மத், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். அவருடைய புதல்வியர் எழுவர். மதீனா, பாத்திமா, பின்து என்ற பெயர்கள் அவர்களுக்குள் இருந்தன. (நமது வகுப்பு இடாப்பில் பாத்திமாக்களை எண்ணிப் பாருங்கள்!) ஹெஸ்டர், மார்கிரட், சார்லட் என்போரும் அதே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

1930களில் அரசாங்கத் திட்டமொன்றின் கீழ் எழுத்தாளர்கள் அக்கரையோர முதியவர்களிடம் நினைவுகளைக் கேட்டு எழுதினர். 1940இல் அது நூலாக வந்தது. மந்திரம், சூனியம் பற்றிய செய்திகளே அதில் மிகுதி. அவற்றுக்கிடையே கேட்டி பிறவுண் என்ற மூதாட்டியின் பேச்சு இருக்கிறது. பிலாலி தம்பதியர் சூரியன் உதிக்கையிலும், உச்சிக்கு வருகையிலும், மறைகையிலும் நேரம் தவறாது தொழுதார்கள் என்று கேள்விப்பட்டதைச் சொல்கிறார். பின்னர் தம் பாட்டி மார்கிரட்டின் பலகாரத்துக்கு வருகிறார். அரிசியைக் கழுவி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மரவுரலில் இட்டு உலக்கையால் மாவாக இடிப்பார். தேனோ சீனியோ சேர்த்துக் கையாலேயே தட்டுவார். ஒவ்வோர் ஆண்டும் ஒரே நாளில் இது நடக்கும். பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொன்று கையில் வைப்பார். அதன் பெயர் 'சரக்கா'.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் செய்முறையை விளக்கத் தேவையில்லை. அந்தச் சொல்லும் நமக்கு அந்நியமானதல்ல. மேற்கு ஆபிரிக்காவில் 'ஸதகா' என்பது 'சரக்கா' என்றும் ஒலிக்கும். அரிசிப் பலகாரம் செய்து சிறுவருக்குக் கொடுப்பது அங்கே தருமத்தின் ஒரு வடிவம் என்பதை சில்வியான் டியூஃப் என்ற வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அடிமை வாழ்வு ஆபிரிக்கரின் பண்பாட்டைத் துடைத்தழித்துவிட்டது என்று பிரேசியர் போன்ற சமூகவியலாளர் வாதிட்ட காலம் அது. தனக்கென ஒரு பிடி அரிசியைக்கூட உரிமை கொண்டாட முடியாத அடிமைச் சமூகத்தில் தருமம் கொடுக்கும் வழக்கம் நிலைத்திருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேட்டி பிறவுண் அதைத் தருமம் என்று சொல்லவில்லை; விநோதமான தட்டைப் பலகாரம் என்றே சொல்கிறார். பொருள் மங்கிய பிறகும் அது மரபுதானா? ஆம் என்பேன். சொல்லும் செய்முறையும் பிள்ளையின் கையில் வைக்கும் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கின்றன. விளம்பர நூலில் படித்து அறிந்ததல்ல அது.

பிலாலி அரபியில் எழுதிய 13 பக்கக் கையெழுத்துப் பிரதி ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நெடுங்காலம் அதை நாட்குறிப்பு என்றே நினைத்திருந்தார்கள். பின்னர் ஜோசப் கிரீன்பேர்க் அதனை நைஜீரியாவின் கானோ நகரத்து உலமாக்களிடம் காட்டினார். அது மாலிக்கி மத்ஹபின் 'ரிஸாலா' என்ற பிக்ஹு நூலைத் தழுவியது எனத் தெரியவந்தது. அந்தச் செய்தி அச்சேறியதும் 1940இல்தான். தந்தையின் எழுத்துக்கு நூலகம் கிடைத்தது. மகள் மார்கிரட்டின் சரக்காவுக்கு இருப்பது பேத்தி சொன்ன அந்தச் சில வரிகள் மட்டுமே.